முக்கால் தோசையும் முழு இயக்ககமும்

அந்தமானின் வடகோடியில், திக்லிபூர் கடைத்தெருவில் தங்கையாவின் தோசைக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருந்த பலகை ஒரு புயலில் பறந்துபோனது. அது இல்லாமலே வியாபாரம் நடப்பதைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி எழுதி மாட்டவில்லை. காலையில் தமிழர், வங்காளி, மலையாளி, தெலுங்கர் எல்லாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே இந்தியில் சட்னி கேட்பார்கள். அத்தனை பேருக்கும் வாய் சளைக்காமல் பதில் சொல்லுகிற தங்கையா, ஒரே மகள் அபி ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும் வாயடைத்துப்போனார்.

முன்பெல்லாம் தோற்றாலும் மேல் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்கள். இப்போது சட்டம் மாறிவிட்டது. இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தோற்றால் அதே வகுப்பு, அதே பெஞ்சு. உயிர்ச் சிநேகிதி ரூபா உட்படக் கூட்டம் முழுக்க ஆறாம் வகுப்புக்கு, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்.

"சின்னப் பசங்களோட நான் மட்டும் உக்காரணுமாப்பா?" என்று அபி கேட்டபோது தங்கையா கல்லில் இருந்த தோசையைக் கருகவிட்டார்.

அவளைக் கவிழ்த்தது பின்னம். இரண்டைவிட நான்கு பெரியது, ஆகையால் அரையைவிடக் கால் பெரியது என்று அவள் உறுதியாக நம்பினாள். அரையும் காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டால் மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, ஆறில் இரண்டு என்று பளிச்சென்று எழுதிவிடுவாள். பார்க்க அழகான விடைதான். மதிப்பெண்தான் இல்லை.

கடைசியில் அபியின் அம்மா ஷோபனா இறங்கினாள். கல்லில் இருந்து ஒரு தோசையை எடுத்து, தோசைத் திருப்பியாலே நடுவில் ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு. பாதியை மகளின் தட்டில் போட்டாள்.

"இது எவ்வளவு?"

"ஹாஃப்."

"அரை. இப்ப இன்னொரு துண்டு போடறேன். இது கால். ரெண்டும் சேந்து ஆறுல ரெண்டுன்னா, மூணுல ஒண்ணு. அரையை விடக் கம்மி. நான் மேல மேல போடறேன், உன் தட்டுல குறையுதா? உங்கம்மா என்ன தோசை திருடியா?"

அபி தட்டையே பார்த்தாள். பிறகு பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பும்படி, "அம்மா! முக்கால்!" என்று கத்தினாள்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஊத்தப்பத்தை எட்டாக வெட்டினாள். எட்டில் இரண்டும் காலும் ஒன்றுதான் என்று தானே கண்டுபிடித்து, அதை அடுத்த பெஞ்சுக்காரரின் ஊத்தப்பத்தில் நிரூபித்துக் காட்டினாள். வாரம் ஒன்று முடிவதற்குள் மறுதேர்வைப் பற்றிய பயம் வீட்டை விட்டுப் போய்விட்டது. அத்தோடு விட்டிருந்தால் எல்லாரும் சுகமாக இருந்திருப்பார்கள். ஆனால் பெற்ற மனம் சும்மா இருக்குமா? தங்கையா பெருமை தாங்காமல் இந்தச் சமாசாரத்தைச் சிவபிரகாஷிடம் சொல்லிவிட்டார்.

சிவபிரகாஷ் தமிழ்நாட்டில் இருந்து வந்த அரசாங்க ஊழியர். 'இல்லந்தோறும் கைவழிக் கணித இயக்ககம்' என்று போர்ட் பிளேரில் ஓர் அலுவலகம் உண்டு. பிள்ளைகள் வீட்டிலேயே பொருள்களைக் கையால் தொட்டுக் கணக்குக் கற்க வேண்டும் என்பது அதன் லட்சியம். அதற்குத் திக்லிபூரில் ஒருங்கிணைப்பாளர் இவர். தினமும் காலையில் தங்கையா கடையில்தான் இரண்டு தோசை.

அன்று இரண்டாவது தோசை பாதியில் நின்றது.

"தோசையிலயா கத்துக் குடுத்தீங்க?"

"ஆமா சார். பக்காவா வந்திருச்சு சார், பொண்ணுக்கு."

"வந்திருச்சுங்கிறது வேற விஷயம், தங்கையாண்ணே. தோசை அங்கீகரிக்கப்பட்ட கற்றல் பொருளா? விட்டம் என்ன? கனம் என்ன? ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா? எல்லாத்துக்கும் மேல, குழந்தை அதைத் தின்னுட்டா இருப்புக் கணக்கை யார் காட்டறது?"

தங்கையாவுக்கு வியர்த்தது. தின்னாமல் தோசையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சிவபிரகாஷ் கெட்டவர் அல்ல. குரலைத் தணித்துக்கொண்டார். இந்த வருஷம் முதல் மறுதேர்வில் செய்முறை உண்டு, அதை நடத்துவது இயக்ககம், இயக்ககம் தரும் கற்றல் பொருள் பெட்டியைத் தவிர வேறு எதையும் வைத்துக் கணக்குச் சொன்னால் செல்லாது என்று விளக்கினார். தோசை விஷயம் மேலே தெரிவதற்குள் தங்கையாவின் வீட்டையே 'மாதிரி இல்லம்' என்று பதிவு செய்து காப்பாற்றுவதாகவும் வாக்குக் கொடுத்தார். தங்கையா கண் கலங்கி நன்றி சொன்னார். அந்த இரண்டு தோசைக்கு அன்று காசு வாங்கவில்லை.

மாதிரி இல்லத்தின் தலைவர் என்றால் பயிற்சிக்குப் போக வேண்டும். விடியற்காலை பஸ் ஏறி, நாள் முழுக்கக் குலுங்கி, தங்கையா போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் பெரிய கூடத்தில் எல்லாத் தீவுகளில் இருந்தும் தகப்பன்மாரும் தாய்மாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் 'கையால் தொடு, கணிதம் பெறு' என்று பதாகை. பெட்டியைத்தான் காணோம். அது சென்னையில் கப்பல் ஏறவில்லை.

அதனால் பயிற்சி நிற்கவில்லை. பெட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாரும் இல்லாத பெட்டியைத் திறந்தார்கள். இல்லாத வட்டத்தை எடுத்து, இல்லாத நான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். மாயாபந்தரில் இருந்து வந்த ஒரு பெரியவர் அலுத்துப்போய்க் கையைக் கீழே தொங்கவிட்டார். பயிற்சியாளர் ஓடி வந்து, "துண்டைக் கீழே போட்டுட்டீங்களே, எடுங்க" என்றார். பெரியவர் குனிந்து தேடினார். தங்கையாவும் உதவிக்குப் போய் நாற்காலிக்கு அடியில் தேடினார். கிடைத்துவிட்டதாகப் பயிற்சியாளர் சொன்ன பிறகே இருவரும் எழுந்தார்கள். மாலையில் சான்றிதழும் ஒரு சமோசாவும் கிடைத்தன. சமோசா நிஜமானது.

ஒரு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. சிவபிரகாஷே சுமந்துகொண்டு வந்தார். வழவழவென்று தேய்த்த மரத் துண்டுகள், கூடவே பெரிய ஆளுக்கான வெள்ளைக் கையுறை ஒரு ஜோடி.

"வெறுங்கை படக்கூடாது. வேர்வை பட்டா மரம் கறுத்துடும்."

"கையால தொட்டுப் படிக்கத்தானே சார் பெட்டி?"

"அதுக்குத்தான் கையுறை."

அபி தொளதொள கையுறைக்குள் கையை விட்டுத் துண்டுகளைத் தடுமாறி எடுத்து வைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணைக் காணோம் மாமா."

தங்கையாவுக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. கப்பலில் வருகிற சாமான் என்றைக்கு முழுசாக வந்தது? தக்காளி வந்தால் பாதி குழம்பாகவே வரும். சிமெண்ட் மூட்டை இளைத்து வரும். பிறந்ததில் இருந்து குறைந்ததையே வாங்கிப் பழகிய தீவுக்காரர் அவர். வந்த வரைக்கும் லாபம் என்று பெட்டியை மூடப்போனார்.

ஆனால் விஷயம் கப்பலில் இல்லை. மரத் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி முனை மழுங்கக்கூடாது என்று இயக்ககம் நான்காவது துண்டுகளை மட்டும் தனிப் பெட்டிகளில் கட்டச் சொல்லியிருந்தது. பிறகு பெட்டிகளைத் தீவுவாரியாகப் பிரித்தபோது, மூன்று துண்டுப் பெட்டியெல்லாம் வடக்கே திக்லிபூருக்கும், ஒற்றைத் துண்டுப் பெட்டியெல்லாம் தெற்குக் கோடியில் கேம்பல் பே என்ற ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

"திருப்பி வரவழைக்கலாமே சார்," என்றாள் ஷோபனா.

"வரவழைச்சா தப்பா போச்சுன்னு ஆயிடும்மா. எங்க இயக்ககத்துல இதுவரைக்கும் ஒண்ணும் தப்பா போனதில்லை."

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. சிவபிரகாஷ் அதைக் கடையில் நின்றபடி வாசித்தார். இனி முழுமை என்பது அந்தந்தத் தீவுக்கு வந்து சேர்ந்த துண்டுகளின் மொத்தம். திக்லிபூரில் மூன்று துண்டு ஒரு முழுமை. கேம்பல் பேயில் ஒரு துண்டு ஒரு முழுமை. மறுதேர்வில் இதற்கு மாறான விடைகளுக்கு மதிப்பெண் இல்லை.

"கேம்பல் பேல எல்லாப் பிள்ளையும் பாஸ்," என்று சிவபிரகாஷ் பொறாமையோடு சொன்னார். "ஒரே துண்டு. யாரால என்ன கேள்வி கேக்க முடியும்?"

சுற்றறிக்கை கடைத்தெருவுக்கு எப்படியோ பரவியது. தோசைக் கடையில் வாசித்தால் பரவாமல் என்ன செய்யும்? மறுநாள் அபி வெங்காயம் வாங்கப் போனாள். காய்கறிக் கடை ஒச்சம்மா ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோவை நிறுத்துப் பையில் கொட்டினாள்.

"அக்கா, குறையுது."

"மெயின்லேண்ட்லேர்ந்து வந்து சேந்தது அவ்ளோதான்டி. வந்து சேந்ததுதான் முழுசாம். உங்க கடையிலதானே படிச்சாங்க? பஸ், சலேகா, இதுவே போதும், போ."

அபி பையைத் தூக்கிக்கொண்டு யோசித்தபடி வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு பையன் அம்மாவிடம் பாலை முக்கால் டம்ளர் குடித்துவிட்டு, முழுசாகக் குடித்தேன் என்று சாதித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட மணிகூட வழக்கத்தை விடச் சீக்கிரம் அடித்ததாக ஒரு பேச்சு.

சிரிப்பதற்குத் தங்கையாவுக்கு மட்டும் தெம்பில்லை. மறுதேர்வு நெருங்கிவிட்டது. அதுவும் மாதிரி இல்லம் என்ற பெருமைக்காக, அபிக்கு மட்டும் செய்முறைத் தேர்வை இயக்குநர் சந்திரசேகரே கடைக்கு வந்து, ஊரைக் கூட்டி நடத்தப் போகிறாராம். கற்றுக் கொடுத்ததை மறக்கடிக்க வேண்டிய நிலை. தங்கையா தினமும் மகள் முன்னால் மூன்று துண்டுகளை வைத்துக் கெஞ்சினார்.

"ஒண்ணுன்னு சொல்லும்மா. ஒரே ஒரு தடவை. சொல்லிட்டு ஆறாம் கிளாஸுக்குப் போயிடு."

"அப்ப அந்த ஓட்டை என்னப்பா?" வட்டத்தில் துண்டு இல்லாத இடத்தில் அவள் விரலை வைத்தாள். "இங்க ஒண்ணு இருக்கணுமில்ல?"

"கண்ணை மூடிக்கோ. ஓட்டை தெரியாது."

அபி கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்தது. "அம்மா எவ்ளோ கஷ்டப்பட்டு எனக்குப் புரிய வச்சாங்க. பொய் சொன்னா மறுபடியும் எல்லாம் குழம்பிடும்பா," என்றாள். தங்கையாவுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் ரூபாவோடு அபி போகிற காட்சியை அவரால் விட முடியவில்லை.

தேர்வு நாள் வந்தது. கடை வாசலில் பந்தல், நாற்காலி, பதாகை. இயக்குநர் விருந்தினர் மாளிகையில் காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மாதிரி இல்லத்தில் தோசை உண்டு என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மைக் வேலை செய்யவில்லை. மைக் வந்தபோது படம் பிடிப்பவர் வரவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் அவர் பேச எழுந்தார்.

"பொருளைத் தொட்டுப் படித்தால் எந்தக் குழந்தையும் ஒரே மாதத்தில் கணக்குக் கற்றுவிடும். இந்த உண்மைக்காக நாங்கள் ஐந்து ஆண்டுகளாக உழைக்கிறோம். நான் சிறுவயதில் கணக்கில் மிகவும் பின்தங்கியவன். இன்றைக்கு இந்த மேடையில் நிற்கிறேன் என்றால் அந்த அனுபவம்தான் காரணம்." கைதட்டல். "எங்கள் பெட்டிகளில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஏன்? இதுவரை ஒரு குழந்தையின் கையும் அதில் பட்டதில்லை!" பெரிய கைதட்டல். முன்வரிசையில் சிவபிரகாஷ் எல்லாரையும் விடப் பலமாகத் தட்டினார்.

பிறகு அபியை அழைத்தார்கள். கையுறை மாட்டிவிட்டார்கள். அவள் மூன்று துண்டுகளையும் மேசை மேல் வைத்தாள்.

"இது எவ்வளவும்மா?" என்று இயக்குநர் கனிவாகக் கேட்டார்.

அபி அப்பாவைப் பார்த்தாள். தங்கையா கும்பிடாத குறையாக ஒற்றை விரலைக் காட்டினார். அவள் மேசையைப் பார்த்தாள்.

"முக்கால், சார்."

இயக்குநர் சிரித்தபடியே, "நல்லா யோசிச்சுச் சொல்லு. சுற்றறிக்கைப்படி?" என்றார்.

"சுற்றறிக்கைப்படி எனக்குத் தெரியல சார். இது முக்கால்தான்."

இயக்குநர் வருத்தத்தோடு தலையாட்டினார். "தோல்வி," என்று சிவபிரகாஷிடம் சொன்னார். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு ரெடியா?" என்றார்.

தங்கையா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அபி கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். உள்ளே தாயும் மகளும் என்ன பேசினார்களோ தெரியாது. சற்று நேரத்தில் அவளே தட்டை ஏந்திக்கொண்டு வந்து இயக்குநர் முன்னால் வைத்தாள். நெய் மணக்கும் முறுகல் தோசை. அதில் ஒரு கால் பாகம் சுத்தமாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

தங்கையா அதைப் பார்த்துவிட்டார். ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கலாம் என்று எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலிகள் வழி விடவில்லை.

இயக்குநரும் பார்த்தார். "என்னம்மா இது?"

"தோசை சார். முழு தோசை."

"இது எங்கே முழு தோசை?"

"உங்களுக்கு வந்து சேந்தது அவ்ளோதான் சார்."

பசியில் இருக்கும் மனிதனிடம் சுற்றறிக்கை நிற்காது. "யாரை ஏமாத்தற? கண்ணுக்கு முன்னால ஓட்டை தெரியுது! கால் பாகத்தைக் காணோம். இது வெறும் முக்கால்!" என்று இயக்குநர் முழங்கினார். பழுதுபார்த்த மைக் இப்போது பிரமாதமாக வேலை செய்தது. முக்கால் என்ற சொல் பந்தலைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று எல்லாரும் பாடுபட்டார்கள். ஒச்சம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். சிவபிரகாஷ் பேனாவைத் திறந்து வைத்தபடி எதை எழுதுவது என்று தெரியாமல் விழித்தார்.

அபி பின்னால் வைத்திருந்த கையை முன்னால் நீட்டினாள். அதில் ஒரு வாழை இலைத் துண்டு, அதன் மேல் அந்தக் கால் தோசை.

"இந்தாங்க சார். வச்சுப் பாருங்க."

இயக்குநர் அவளைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். கையுறை மேசையில்தான் கிடந்தது. அவர் அதைத் தேடவில்லை. வெறுங்கையால் கால் தோசையை எடுத்து, ஓட்டை இருந்த இடத்தில் பொருத்தி, விளிம்போடு விளிம்பு சேர விரலால் மெல்ல நகர்த்தி வைத்தார். அந்த இயக்ககம் தொடங்கியதில் இருந்து அதில் ஒரு பொருளை வெறுங்கையால் தொட்டுக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான். முகத்தில் ஒரு நிமிஷம் பதவி இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையனின் முகம்தான் இருந்தது.

"அட," என்றார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். சிவபிரகாஷ் குனிந்து காதோடு கேட்டார். "சார், விடை சரின்னு எழுதவா, தப்புன்னு எழுதவா? சரின்னா சுற்றறிக்கை..."

"ஆறாம் வகுப்புக்குப் போறான்னு எழுதுய்யா."

"சுற்றறிக்கை சார்?"

"கேம்பல் பேக்குத் தந்தி... இல்ல, போன் போட்டு அந்தத் துண்டையெல்லாம் அடுத்த கப்பல்ல ஏத்தச் சொல்லு."

அபி 'ஓ'வென்று ஒரு கத்துக் கத்திவிட்டு ரூபா வீட்டை நோக்கித் தெருவில் ஓடினாள். ஷோபனா அடுப்படி வாசலில் நின்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். தங்கையாவுக்கு ஒற்றை விரலைக் காட்டிய தன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகளை நினைத்தால் பெருமை. தன்னை நினைத்தால் வெட்கம். இரண்டும் ஒன்றாக வந்து அவர் கண்ணைக் கலக்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் காலித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு முழு தோசை போடுங்க."

தங்கையா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக முன்னால் வந்தார். இத்தனை நாள் பட்ட பாட்டில், கேட்டுத் தெரிந்துகொண்டு செய்வதே நல்லது என்று அவருக்கு நிஜமாகவே தோன்றியது.

"முழுசுன்னா... எந்த முழுசு, சார்?"

இயக்குநர் சிவபிரகாஷைப் பார்த்தார். சிவபிரகாஷ் பதாகையைப் பார்த்தார். தெருக்கோடியில் அபியின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணு சொல்ற முழுசு," என்றார் இயக்குநர்.